பதினொருவர் தந்த அளவுகோல்

ஊசி மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எல்லாரும் பார்த்திருப்போம். நுனியை நெருப்பில் உருக்கி மூடியிருப்பார்கள். நர்ஸ் அதன் கழுத்தை ஒடித்து மருந்தை உறிஞ்சுவார். அப்படிப்பட்ட ஒரு குப்பியின் கதை இது. ஆனால் இதற்குள் மருந்து கிடையாது. அடியில் வெளிறிய நிறத்தில் ஒரு பொருக்கு மட்டும் இருக்கும். கால் மில்லிலிட்டர் தூய நீர் விட்டால் கரைந்துவிடும். சில துளிகள்தான் தேறும். சீட்டில் 20/136 என்று ஓர் எண். கொரோனா தடுப்பூசி போட்டவர் உடம்பில் எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று சென்னையில் ஒருவரும் சாவோ பாவ்லோவில் ஒருவரும் அளந்து சொன்னால், அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் உரிமையை நமக்குத் தந்தது இந்தக் குப்பிதான்.

அதன் பிறப்பு 2020-ஆம் ஆண்டின் முதல் பாதியில். பிரிட்டனில் முதல் அலை அடித்துக்கொண்டிருந்தது. நோயிலிருந்து மீண்டவர்களிடம் பிளாஸ்மா தானம் கேட்டார்கள். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தை இயந்திரம் சுழற்றிப் பிரிக்கும். அணுக்களைத் திரும்ப உடம்புக்கே ஏற்றிவிட்டு, வைக்கோல் நிறத்தில் இருக்கும் நீர்ப்பகுதியை மட்டும் பையில் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் இந்தப் பிளாஸ்மாவைப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு ஏற்றிக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. பெரிய ஆய்வுகள் நடந்த பிறகு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதனால் உயிர் காக்கும் பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் அப்படித் தானமாக வந்த பிளாஸ்மாவில் 11 பேருடையது வேறு வழியில் போனது. அந்த 11 பேர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் காய்ச்சலில் கிடந்து எழுந்த நாட்கள்தாம் இந்தக் குப்பியின் அடியில் பொருக்காகக் கிடக்கின்றன.

அந்தப் பிளாஸ்மாவில் அப்படி என்ன இருந்தது? வைரஸ் உள்ளே நுழைந்ததும், அல்லது தடுப்பூசி அந்த வைரஸின் முள் புரதத்தை உடம்புக்கு அறிமுகப்படுத்தியதும், கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் விழித்துக்கொள்கின்றன. எந்த பி செல்லின் மேற்பரப்பு அந்த முள்ளோடு பொருந்துகிறதோ அது பெருகுகிறது. திருத்தித் திருத்தி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி ஆன்டிபாடியைக் கொட்டத் தொடங்குகிறது. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடிதான் ரத்தத்தில் அதிகம். வெளியே வந்த ஒவ்வொரு ஐஜிஜிக்கும் ஆயுள் குறைவு. சுமார் மூன்று வாரத்தில் பாதி அழிந்துவிடும். ஆகவே இன்று ரத்தத்தில் இருக்கும் அளவு என்பது, ஒரு பக்கம் அழிவதற்கும் மறுபக்கம் புதிதாக வருவதற்கும் இடையிலான கணக்கு. அதை ஒருநாள் எடுத்து அளந்தால் அந்த நாளின் இருப்பு தெரியும். அவ்வளவுதான்.

அளப்பதில்தான் சிக்கல் தொடங்கியது. ஆன்டிபாடியை அளக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, முள் புரதத்தை ஒரு தட்டில் ஒட்டிவைத்து, அதன்மேல் ரத்தச் சீரத்தை விட்டு, எவ்வளவு ஆன்டிபாடி ஒட்டுகிறது என்று பார்ப்பது. இது விரைவானது, மலிவானது. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்கள் செய்வது இந்த வகைதான். இன்னொன்று கடினமானது. சீரத்தைப் பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்க வைத்து, ஒவ்வொன்றிலும் உயிருள்ள வைரஸைக் கலந்து, செல்கள் வளரும் தட்டில் ஊற்றுவார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் வைரஸின் தொற்றைப் பாதியாகக் குறைக்கிறதோ, அந்த அளவே அந்தச் சீரத்தின் வலிமை. உயிருள்ள கொரோனா வைரஸைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். அது இல்லாதவர்கள் தீங்கில்லாத வேறு வைரஸுக்கு கொரோனாவின் முள்ளை மாட்டிப் போலி வைரஸ் செய்துகொண்டார்கள். செல் வேறு, வைரஸ் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு, கணக்கு வேறு. ஒரே மனிதரின் ஒரே சீரத்தைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்தால் விடைகள் பல மடங்கு வேறுபட்டு வந்தன.

2020-ஆம் ஆண்டின் நடுவில் தடுப்பூசிச் சோதனைகளின் முதல் முடிவுகள் வெளியானபோது இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தடுப்பூசி தந்த ஆன்டிபாடி அளவைத் தன் சொந்த முறையில் அளந்து, 'நோயிலிருந்து மீண்டவர்களுக்கு இருக்கும் அளவோடு ஒப்பிடும்போது இவ்வளவு' என்று சொன்னது. ஆனால் எந்த மீண்டவர்கள்? மூச்சுத்திணறி மருத்துவமனையில் கிடந்தவருக்கு ஆன்டிபாடி ஏராளமாக ஊறும். இரண்டு நாள் தொண்டை வலியோடு முடிந்தவருக்குக் குறைவாக இருக்கும். முதல் வகையினரோடு ஒப்பிட்டால் நல்ல தடுப்பூசியும் மெலிந்து தெரியும்; இரண்டாம் வகையினரோடு ஒப்பிட்டால் சாதாரணத் தடுப்பூசியும் பெருத்துத் தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள், அவ்வளவே. ஆனால் எந்தத் தடுப்பூசி வாங்குவது என்று ஏழை நாடுகள் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் பொது அளவு இல்லாமல் போனது எவ்வளவு பெரிய குறை என்பதை, அதைச் சரிசெய்ய முனைந்தவர்களைத் தவிர அதிகம் பேர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இராது. அங்கே நெல்லை 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்தார்கள். அது ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்றும் வெட்டி வைத்தார்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்றே ஒரு கல், மணிகளை நிறுக்க தக்ஷிணமேருவிடங்கன் என்று இன்னொரு கல். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் காலத்தில், எந்த மரக்கால் என்று சொல்லாமல் இத்தனை கலம் நெல் என்றால் அதற்குப் பொருள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆன்டிபாடிக்கும் ஓர் ஆடவல்லான் தேவைப்பட்டது.

உயிர்ப்பொருளுக்கு அப்படி ஓர் அளவை முதலில் செய்து காட்டியவர் பால் எர்லிக். 1890-களில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் மருந்தாக வந்தது. ஒரு கூடத்தின் சீரம் குழந்தையைக் காப்பாற்றும். இன்னொரு கூடத்தின் சீரம் தண்ணீர்போல் இருக்கும். எடை போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; இரண்டும் ஒரே எடைதான். நஞ்சை வைத்து அளக்கலாமா என்றால் நஞ்சு வைத்திருக்க வைத்திருக்க மாறிவிடுகிறது. எர்லிக் மறுபக்கமாக யோசித்தார். நல்ல சீரம் ஒன்றை நீர்ப்பசை போக உலர்த்தி, காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, குளிரில், இருட்டில் வைத்தார். உலர்ந்த சீரம் மாறவில்லை. மற்ற எல்லாச் சீரத்தையும் அதனோடு ஒப்பிட்டு அளக்கச் சொன்னார். 1897-இல் அவர் வெளியிட்ட அந்த முறை இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. 1922-இல் உலக நாடுகள் சங்கத்தின் ஏற்பாட்டில் அதுவே சர்வதேச அளவாக ஏற்கப்பட்டு, கோபன்ஹேகன் அரசுச் சீரம் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் அந்த மரபை ஏற்றுக்கொண்டது. இன்று அத்தகைய அளவுப் பொருட்களில் பெரும்பாலானவற்றைச் செய்து காத்து அனுப்புவது இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் என்ற ஊரருகே இருக்கும் தேசிய உயிரியல் தரநிலை நிறுவனம். நம் 11 பேரின் பிளாஸ்மா அங்கேதான் வந்து சேர்ந்தது.

அங்கே நடந்ததைப் பரபரப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் கவனமாகச் செய்ய வேண்டியது. பதினோரு பைகளையும் ஒன்றாகக் கலந்தார்கள். ஒருவருடைய பிளாஸ்மா மட்டும் என்றால் அவர் உடம்பின் தனி விருப்பு வெறுப்புகள் அளவாகிவிடும். பலர் சேர்ந்தால் அது சமனாகும். கொழுப்பு உறை கொண்ட வைரஸ் எதுவும் தப்பித் தங்கியிருந்தால் அதைச் சிதைக்கக் கரைப்பானும் சோப்புப் பொருளும் சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு குப்பியிலும் கால் மில்லிலிட்டர். ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் மயிரிழை வேறுபாடுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அளவுகோலே கோணலாகிவிடும். உறைய வைத்து, அந்தப் பனியை உருகவிடாமலே ஆவியாக்கி வெளியேற்றினார்கள். பொருக்கு மட்டும் மிஞ்சியது. கண்ணாடியை உருக்கி மூடினார்கள். இருப்பு வைத்தது சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில்.

அடுத்தது உலகப் பயணம். ஜியாடா மட்டியூட்சோ, மார்க் பேஜ் முதலான அங்கிருந்த விஞ்ஞானிகள் இந்தக் குப்பியையும், இன்னும் சில பிளாஸ்மா மாதிரிகளையும், கொரோனாவே தொடாத ஒரு மாதிரியையும் உலக ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 15 நாடுகளில் 44 ஆய்வகங்கள். எது எதென்று யாருக்கும் சொல்லவில்லை, குறியீடு மட்டும். உங்கள் வழக்கமான முறையில் அளந்து விடை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். வந்த விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது எதிர்பார்த்த கலவரம் இருந்தது. பிறகு ஒன்று செய்தார்கள். ஒவ்வோர் ஆய்வகமும் மற்ற மாதிரிகளுக்குத் தந்த எண்ணை, அதே ஆய்வகம் 20/136-க்குத் தந்த எண்ணால் வகுத்தார்கள். அதாவது 'இந்த மாதிரி அந்தக் குப்பியைப் போல எத்தனை மடங்கு' என்று மட்டும் கேட்டார்கள். சிதறிக் கிடந்த எண்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி வந்தன. முழுவதும் ஒன்றாகிவிடவில்லை. ஆனால் பேச்சு வார்த்தைக்கு வரும் தூரத்துக்கு வந்தன. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். புதுக் கருவி எதுவும் இல்லை. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. நாற்பத்து நான்கு ஆய்வகங்கள் தங்கள் எண்தான் சரி என்ற பிடியைத் தளர்த்த ஒப்புக்கொண்டன.

2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 20/136-ஐ முதலாவது சர்வதேச அளவாக ஏற்றுக்கொண்டது. அதன் மதிப்பு மில்லிலிட்டருக்கு 1000. ஏன் 1000? காரணம் இல்லை, ஏதாவது ஓர் எண் வைக்க வேண்டும், அது கணக்குக்கு வசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கால் மில்லிலிட்டர் என்பதால் ஒரு குப்பிக்குள் 250 அலகு. வைரஸைத் தடுக்கும் வலிமையைச் சொல்லும்போது அது சர்வதேச அலகு. முள் புரதத்தில் ஒட்டும் அளவைச் சொல்லும்போது பிஏயு என்று தனி அலகு. இரண்டையும் பிரித்தது நல்ல முடிவு. ஒட்டுவது எல்லாம் தடுக்காது.

அதன் பிறகு குப்பி வேலைக்குப் போனது. ஓர் ஆய்வகம் அதை நாள்தோறும் பயன்படுத்த முடியாது. அவ்வளவு இருப்பு இல்லை. ஒருமுறை திறந்து, அதை வைத்துத் தன் சொந்தச் சீரம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு அந்தச் சொந்தச் சீரத்தைக் கொண்டு தினசரி வேலையைப் பார்க்கும். தொற்றுநோய்த் தடுப்பூசிகளுக்காக அமைந்த சர்வதேசக் கூட்டமைப்பான செப்பி, வெவ்வேறு தடுப்பூசிகளை ஒரே முறையில் அளக்க ஓர் ஆய்வக வலைப்பின்னலை 2020 அக்டோபரில் அறிவித்தது. கனடா, பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து, வங்கதேசம் ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் இடம்பெற்றது. ஃபரீதாபாதில் உள்ள டிரான்ஸ்லேஷனல் சுகாதார அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், டிஹெச்எஸ்டிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அதுதான்.

பரிசோதனைக் கருவி செய்யும் நிறுவனங்களும் குப்பியை வாங்கித் தங்கள் எண்ணைச் சரிபார்த்தன. இந்த இடத்தில் நம் வீடுகள் கதைக்குள் வருகின்றன. 2021-இல் தமிழ்நாட்டில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலர், இரண்டு டோஸ் முடிந்ததும் தனியார் லேப்பில் பணம் கட்டி ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தார்கள். "உனக்கு எவ்வளவுடா வந்துச்சு?" "எழுநூறு." "எனக்கு நூறுதான் மாப்ளே. ஊசி வேலை செய்யலையோ?" இப்படிக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய பேச்சு எத்தனை. குறைந்த எண் வந்தவர் தூக்கம் கெட்டார். கூடுதல் எண் வந்தவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

அந்த எழுநூறையும் நூறையும் இப்போது குப்பியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அபாட் நிறுவனத்தின் கருவி தன் அளவை ஏயு என்ற அலகில் தரும். 50-ம் அதற்கு மேலும் இருந்தால் ஆன்டிபாடி உண்டு என்று பொருள். அதைப் பிஏயுவுக்கு மாற்ற 0.142-ஆல் பெருக்க வேண்டும். டயாசோரின் நிறுவனத்தின் மும்மடி முள் புரதக் கருவியும் ஏயு என்றே எழுதும்; ஆனால் அதில் எல்லை 13, பெருக்க வேண்டிய எண் 2.6. ரோஷ் நிறுவனத்தின் கருவியில் எல்லை 0.8, அதன் எண் ஏறக்குறைய அப்படியே பிஏயு. ஆக, மருமகனின் 700 அபாட் கருவியில் வந்ததானால் அது சுமார் 99 பிஏயு. மாமாவின் 100 டயாசோரின் கருவியில் வந்ததானால் அது 260 பிஏயு. தூக்கம் கெட்டவருக்குத்தான் அதிகம் இருந்திருக்கிறது. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே சுருக்கெழுத்து அச்சாகியிருக்கும். கருவியின் பெயர் எங்கோ அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இந்த ஒரு வரியை அறிக்கையில் தெளிவாகப் போட்டிருந்தால் எத்தனை வீடுகளில் வீண் கலக்கம் தவிர்ந்திருக்கும்!

பெருக்கிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மூன்று கருவிகளும் அளப்பது ஒரே பொருளை அல்ல. அபாட் அளப்பது முள்ளின் நுனியில், நம் செல்லோடு ஒட்டும் பகுதிக்கு எதிரான ஐஜிஜியை. ரோஷ் அதே பகுதிக்கு எதிரான எல்லா வகை ஆன்டிபாடியையும் அளக்கிறது. டயாசோரின் முழு முள்ளையும் எடுத்துக்கொள்கிறது. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது, பிஏயுவுக்கு மாற்றிய பிறகும் எண்கள் ஒன்றுபடவில்லை; நாட்கள் செல்லச் செல்ல விலகலும் மாறியது. இறுகப் பிடிக்கும் ஆன்டிபாடிகளுக்கு அதிக இடம் தரும் கருவியில் அளவு நிலையாகத் தெரியும். இன்னொன்றில் அதே மனிதருக்கு அது சரிவதாகத் தெரியும். குப்பி ஓர் அளவுகோல்தான். எதை அளக்கிறோம் என்பதை அது நமக்காக முடிவு செய்யாது.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. இன்ஃப்ளூயன்சாவுக்கு இப்படி ஒரு எண் உண்டு. 1972-இல் பிரிட்டனில் ஹாப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து அது வந்தது. கோழி ரத்த அணுக்கள் போன்றவை வைரஸால் ஒன்றோடொன்று திரள்வதைச் சீரம் எவ்வளவு நீர்த்த பிறகும் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். 40-இல் ஒன்றாக நீர்த்தும் தடுத்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாதுகாப்பு என்று கொண்டார்கள். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளுக்கு அனுமதி தர அந்த நாற்பது பல்லாண்டு காலம் வழிகாட்டியாக இருந்தது. கொரோனாவுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா?

நம் குப்பி இல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே முடிந்திராது. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசி, அதாவது நம்மூரில் கோவிஷீல்டு என்ற பெயரில் பெரும்பாலோருக்குப் போட்ட அதே தடுப்பூசி, பிரிட்டனில் சோதிக்கப்பட்டபோது, நோய் வந்தவர்களின் ஆன்டிபாடியையும் வராதவர்களின் ஆன்டிபாடியையும் ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான முடிவு இது: முள் புரதத்துக்கு எதிரான ஐஜிஜி 264 பிஏயு இருந்தால், அறிகுறியோடு வரும் நோயிலிருந்து 80 சதவீதப் பாதுகாப்பு. ஆனால் அந்த 264-ஐ யாரும் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. அதன் இருபுறமும் இருந்த நிச்சயமின்மை 108-இலிருந்து 806 வரை நீண்டது. அதோடு அது பெரும்பாலும் ஆல்ஃபா வகை வைரஸுக்கு எதிரான கணக்கு. மாடர்னா தடுப்பூசிக்கு அமெரிக்காவில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவாக ஒன்றைக் காட்டியது. வைரஸைத் தடுக்கும் வலிமை 10 என்ற அளவில் இருந்தவர்களுக்கும் 78 சதவீதப் பாதுகாப்பு; 100 இருந்தவர்களுக்கு 91; 1000 இருந்தவர்களுக்கு 96. நூறு மடங்கு ஏறினால் பாதுகாப்பு ஏறுவது பதினெட்டுப் புள்ளி. இதற்கு மேல் இருந்தால் கோட்டைக்குள், கீழே இருந்தால் வெளியே என்று ஒரு கோடு கிடையாது. சரிவு உண்டு, அதுவும் மென்மையான சரிவு. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021 மே 19 அன்று, தடுப்பூசி போட்டவர் தம் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. நம் வீடுகளுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

அளவு குறைவதைக் கண்டும் பலர் அஞ்சினார்கள். இஸ்ரேலில் டெல் அவீவ் அருகே ஷீபா மருத்துவ மையத்தில், ஃபைசர் தடுப்பூசியின் இரண்டாம் டோஸ் போட்ட மருத்துவப் பணியாளர்களை ஆறு மாதம் தொடர்ந்து அளந்தார்கள். ஒட்டும் ஐஜிஜி அந்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்காக இறங்கியது. ஆனால் வைரஸைத் தடுக்கும் வலிமை முதல் மூன்று மாதத்தில் வேகமாகக் குறைந்து, பிறகு மெதுவானது. பெண்களைவிட ஆண்களுக்கும், 65 வயது தாண்டியவர்களுக்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு குறைவாக இருந்தது. இந்த மூன்றாவது கூட்டத்தாரை நாம் தனியாக நினைவில் வைக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், சில வகைப் புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோரில் பலருக்கு இரண்டு டோஸுக்குப் பிறகும் ஆன்டிபாடி கிட்டத்தட்ட இல்லை. மற்ற எல்லாருக்கும் வெறும் ஆர்வமாக இருந்த டெஸ்ட், இவர்களுக்கு மருத்துவர் பார்க்க வேண்டிய உண்மையான தகவல்.

மற்றவர்களுக்கு அளவு இறங்குவது இயல்பு. தடுப்பூசி போட்ட சில வாரங்களில் அவசரத்துக்குத் தோன்றிய பிளாஸ்மா செல்கள் மடிந்துபோகும். எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறியவை மட்டும் நீண்ட காலம் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசாக நோய் வந்து மீண்டவர்களின் எலும்பு மஜ்ஜையில் பல மாதங்கள் கழித்தும் அந்தச் செல்களைக் கண்டார்கள். நினைவு பி செல்களும் டி செல்களும் தனி. இவை எதையும் லேப் அறிக்கையின் எண் காட்டாது. மீண்டும் ஒரு டோஸ் போட்டால் உறங்கும் நினைவு எழுந்து அளவை உயர்த்தும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதைத்தான் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டையும் மாற்றியும் மாற்றாமலும் பூஸ்டராகப் போட்டுச் சோதித்தது. கோவாக்சின் போட்டவர்களுக்குக் கோவிஷீல்டு பூஸ்டர் தந்தபோது முள் புரத ஆன்டிபாடி கூடுதலாக உயர்ந்தது. நம் மண்ணில், நம் மக்களிடம், நாம் போட்ட தடுப்பூசிகளைக் கொண்டு செய்த ஆய்வு என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2021 நவம்பரில் ஓமிக்ரான் வந்தது. முள்ளில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். அதுவரை சேர்த்த எண்களெல்லாம் ஆட்டம் கண்டன. குப்பிக்கும் அதே நிலை. அதற்குள் இருந்த ஆன்டிபாடிகள் 2020-இன் தொடக்கத்தில் சுற்றிய வைரஸைக் கண்டு உருவானவை. புதிய வகைகளை அவற்றால் முன்போலப் பிடிக்க முடியவில்லை. அளவுகோல் அளவுகோலாகவே இருந்தது. அளக்க வேண்டிய பொருள் நகர்ந்துவிட்டது. 264 பிஏயு உள்ளவருக்கு ஆல்ஃபாவிடம் கிடைத்த பாதுகாப்பு ஓமிக்ரானிடம் கிடைக்காது. அதே அலகு, அதே எண், வேறு பொருள். ஆனாலும் ஓமிக்ரான் காலத்தில் தடுப்பூசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தொற்று வந்தும் பிழைத்தார்கள். ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி தொற்றைத் தடுக்கத் தவறியபோதும், அளக்கப்படாத அந்த நினைவுச் செல்கள் கடும் நோயைத் தடுக்க உதவின.

அந்த நேரத்துக்குள் குப்பியே தீர்ந்துபோயிருந்தது. உலகம் முழுவதும் கேட்டு வாங்கியதில், ஓர் ஆண்டுக்குள்ளாகவே 20/136-இன் இருப்பு முடிந்தது. சாதாரணமாக இத்தகைய அளவுப் பொருள் பல ஆண்டுகள் தாங்கும். இன்னொரு வருத்தமும் இருந்தது. இவ்வளவு பேர் வாங்கியும், வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பல பழையபடி சொந்த எண்களிலேயே வந்தன. தடுப்பூசி ஆய்வுகள் சர்வதேச அலகில் முடிவைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தினரும் பாட்டர்ஸ் பார் விஞ்ஞானிகளும் மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக வேண்டுகோள் விடுக்க வேண்டியதாயிற்று. 2022-இல் 21/340 என்ற எண்ணோடு இரண்டாவது அளவு வந்தது. அதன் மதிப்பை முதலாவதோடு ஒப்பிட்டே வைத்தார்கள். எர்லிக் காட்டிய வழக்கம் அது: குப்பி தீரலாம், அலகு தீரக் கூடாது. அந்த 11 பேரின் பிளாஸ்மா இன்று கையிருப்பில் இல்லாவிட்டாலும், இனி அளக்கப்படும் ஒவ்வொரு பிஏயுவும் அவர்களிடமிருந்து வந்த அளவுதான்.

வீட்டில் பழைய ஆன்டிபாடி அறிக்கை கிடந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு, எந்தக் கருவி என்று இருக்கிறதா? பரிசோதனைக் கூடம் நடத்துவோர் இந்த இரண்டையும் அறிக்கையின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். கொரோனாவுக்கு மட்டும் அல்ல, நாளை வரும் எந்த நோய்க்கும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவரோ வீட்டில் இருந்தால், அந்த அறிக்கையை அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் அந்த எண்ணை வைத்து அடுத்த டோஸைத் தள்ளிப்போடவோ, பயப்படவோ வேண்டாம். பிஏயு என்று போடாத ஒரு எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள்.